அணி முதலாளிகளும் ஆட்டத்தின் மீதான ஐயமும்: இந்திய கிரிக்கெட்டில் ஒரு வரலாறு

இந்திய கிரிக்கெட்டில் அணியை யார் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வியும், ஆட்டம் நேர்மையாக நடக்கிறதா என்ற கேள்வியும் நெடுங்காலம் தனித்தனியாகவே பேசப்பட்டு வந்தன. முதலாவது நிர்வாகிகளின் விவகாரம். இரண்டாவது காவல்துறையின் விவகாரம். 2008-ல் இந்தியன் பிரீமியர் லீக் (ஐபிஎல்) தொடங்கிய பிறகு இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. 2013-ல் சென்னை அணியின் நிர்வாகத்தைச் சேர்ந்த ஒருவர் சூதாட்ட வழக்கில் கைதானபோது, தேநீர்க் கடையிலும் அலுவலகத்திலும் ரசிகர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: போட்டியை நடத்துபவரே போட்டியிடும் அணிக்கும் சொந்தக்காரராக இருந்தால் முடிவை எப்படி நம்புவது? இரண்டு ஆண்டுகளுக்குள் உச்ச நீதிமன்றமும் அதே கேள்விக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கேள்வி உருவான வழி நீளமானது.

புரவலர்களின் அணிகள்

பணத்தைப் பந்தயம் வைத்து ஆடுவது கிரிக்கெட்டின் பிறப்போடு வந்த பழக்கம். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிரபுக்கள் தங்கள் பண்ணையாட்களையும் அக்கம்பக்கத்து வீரர்களையும் சேர்த்து அணி அமைத்தார்கள். பெருந்தொகைகளைப் பந்தயம் கட்டினார்கள். 1727-ல் ரிச்மண்ட் கோமகனும் ஆலன் பிராட்ரிக்கும் தங்களுக்குள் நடக்கவிருந்த ஆட்டங்களுக்காக எழுதிக்கொண்ட ஒப்பந்தம், கிரிக்கெட் விதிகளில் எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய ஒன்று. தோற்றவர் பின்னால் தகராறு செய்யாதிருக்க அது தேவைப்பட்டது. 1774-ஆம் ஆண்டு விதித் தொகுப்பில் பந்தயப் பணத்தைத் தீர்ப்பதற்கான விதிகளும் இடம்பெற்றன. அணியின் சொந்தக்காரரே பந்தயக்காரராக இருந்த அந்தக் காலத்தில் அது எவருக்கும் உறுத்தவில்லை. தொழில்முறைத் தரகர்கள் வந்து ஆட்டக்காரர்களை விலைபேசத் தொடங்கிய பிறகே உறுத்தல் தொடங்கியது. 1817-ல் நாட்டிங்ஹாமில் ஓர் ஆட்டத்தை விட்டுக்கொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட அன்றைய முன்னணி மட்டையாளர் வில்லியம் லாம்பர்ட் லார்ட்ஸ் மைதானத்தில் ஆடத் தடை பெற்றார்.

இந்தியாவில் புரவலர் இடத்துக்கு மகாராஜாக்கள் வந்தார்கள். 1911-ல் இங்கிலாந்து சென்ற அகில இந்திய அணிக்குப் பணமும் தலைமையும் தந்தவர் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். இந்தூரின் ஹோல்கர் சமஸ்தானம் சி.கே.நாயுடு போன்றவர்களுக்குப் பதவி கொடுத்து வலுவான அணியை வைத்திருந்தது. சென்னையில் எம்.புச்சி பாபு நாயுடு 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கி, ஐரோப்பியர் மட்டுமே ஆடிவந்த ஆட்டத்தில் உள்ளூர் இளைஞர்களைப் பழக்கினார். இந்த முறையில் பணம் கொடுத்தவருக்கு ஆட்டத்தில் லாபம் எதுவும் இல்லை. பெருமை மட்டுமே உண்டு. ஆனால் அந்தப் பெருமை சும்மா வரவில்லை. 1936-ல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்கு விஜயநகரத்து இளவரசர் ‘விஸ்ஸி’ தலைவரானது ஆட்டத் திறமையால் அல்ல. அந்தப் பயணத்தில்தான் லாலா அமர்நாத் ஒழுங்கு நடவடிக்கையாகப் பாதியிலேயே ஊருக்கு அனுப்பப்பட்டார். பணம் கொடுப்பவர் முடிவெடுக்கும் இடத்திலும் அமர்வது இந்திய கிரிக்கெட்டின் முதல் பழக்கங்களுள் ஒன்று.

இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் 1928-ல் உருவானது. அரசுத் துறை எதற்கும் அது கட்டுப்பட்டதல்ல. தமிழ்நாட்டின் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் சென்னையில் பதிவுபெற்ற ஒரு தனியார் சங்கம். மாநிலச் சங்கங்கள் அதன் உறுப்பினர்கள்; அவற்றின் வாக்குகளே தலைவரைத் தீர்மானிக்கும். வாரியம் நடத்திய ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4-ல் சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் நடந்து ஒரே நாளில் முடிந்தது.

ஆலைகளும் வங்கிகளும்

விடுதலைக்குப் பின் சமஸ்தானங்கள் மறைந்தன. வீரர்களுக்குச் சோறு போடும் பொறுப்பை நிறுவனங்கள் ஏற்றன. சென்னை முதல் டிவிஷன் லீக் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பாரத ஸ்டேட் வங்கி, பாரி, ஸ்பிக், சன்மார், இந்தியா சிமெண்ட்ஸ் எனப் பல நிறுவனங்கள் வீரர்களுக்கு வேலை கொடுத்து அணிகளை வைத்திருந்தன அல்லது கிளப்புகளைத் தத்தெடுத்தன. காலையில் வலைப்பயிற்சி, பெயருக்கு அலுவலகம், வார இறுதியில் லீக் ஆட்டம் என்று ஒரு தலைமுறை வீரர்கள் இந்த ஏற்பாட்டில்தான் வாழ்ந்தார்கள். சென்னைக்கு வெளியே பிறந்த ராகுல் திராவிட், பின்னர் மகேந்திர சிங் தோனி ஆகியோருக்கும் இந்தியா சிமெண்ட்ஸில் பதவி இருந்தது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தில் வாக்குரிமை பெற்றவை கிளப்புகள். கிளப்புகளைத் தாங்கும் தொழிலதிபருக்குச் சங்கத்திலும் செல்வாக்கு வளரும். எம்.ஏ.சிதம்பரம் 1960-களின் தொடக்கத்தில் வாரியத் தலைவராக இருந்தார்; சேப்பாக்கம் மைதானம் இன்று அவர் பெயரில் இருக்கிறது. அவருடைய மகனும் ஸ்பிக் நிறுவனத் தலைவருமான ஏ.சி.முத்தையா 1999-ல் வாரியத் தலைவரானார். பின்னர் சங்கத்தின் தலைமை இந்தியா சிமெண்ட்ஸின் என்.ஸ்ரீனிவாசனிடம் வந்தது. நிர்வாகியும் அணிப் புரவலரும் ஒருவராக இருப்பது சென்னையில் குற்றமாகப் பார்க்கப்படவில்லை. அத்தகையவர் ஊருக்கு நல்லது செய்பவராகவே பார்க்கப்பட்டார். லீக் அணியால் நிறுவனத்துக்குச் செலவுதான், வருமானம் இல்லை என்பதால் அந்தப் பார்வை பொருந்தியும் இருந்தது.

சூதின் சந்தை

இதே காலத்தில், மைதானத்துக்கு வெளியே இன்னொரு பொருளாதாரம் வளர்ந்தது. 1867-ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டமும் அதன் வழிவந்த மாநிலச் சட்டங்களும் சூதைத் தடைசெய்தன. திறமை சார்ந்த ஆட்டத்துக்கு மட்டும் விலக்கு அளித்தன. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்ததே என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு தமிழ்நாட்டு அரசுக்கும் சென்னை ரேஸ் கிளப்புக்கும் தொடர்பானது. கிரிக்கெட் பந்தயத்துக்கு அத்தகைய அனுமதி கிடைக்கவில்லை. எனவே அது முழுவதும் தலைமறைவுத் தொழிலாக, தொலைபேசியிலும் நம்பிக்கையிலும் நடந்தது. புக்கி என்று ஊரறிந்த தரகர்கள் விகிதத்தைச் சொல்வார்கள். கணக்கு நோட்டிலோ நினைவிலோ இருக்கும். பணம் ரொக்கமாகக் கைமாறும்.

1983-ல் இந்தியா உலகக் கோப்பையை வென்றதும், தொலைக்காட்சி வீடுகளுக்குள் வந்ததும், ஷார்ஜாவில் 1984 முதல் அடுத்தடுத்து ஒருநாள் போட்டிகள் நடந்ததும் இந்தச் சந்தையைப் பெருக்கின. யார் வெல்வார் என்பதோடு பந்தயம் நிற்கவில்லை. முதல் பத்து ஓவரில் எத்தனை ரன், ஒரு தொகுப்பு ஓவர்களில் எத்தனை ரன் என்று ‘செஷன்’ பந்தயங்கள் வந்தன. இந்த மாற்றம் முக்கியமானது. ஆட்டத்தின் முடிவையே மாற்ற வேண்டுமானால் அணித்தலைவரையோ பல வீரர்களையோ வளைக்க வேண்டும். ஒரு ஓவரின் ரன்னை மாற்ற ஒரு பந்துவீச்சாளர் போதும்; அவருடைய அணி வென்றாலும் தோற்றாலும் அதில் இழப்பில்லை. முன்னதை மேட்ச் ஃபிக்ஸிங் என்றும் பின்னதை ஸ்பாட் ஃபிக்ஸிங் என்றும் பத்திரிகைகள் பிரித்து எழுதின. சாதாரணப் பேச்சில் இரண்டும், வெறுமனே பந்தயம் கட்டுவதும்கூட, ‘சூதாட்டம்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கின. பின்னால் எழுந்த பல வாதங்கள் குழம்பியதற்கு இந்தக் கலப்பும் ஒரு காரணம்.

2000-ஆம் ஆண்டின் அதிர்ச்சி

வதந்தியாக இருந்தது வழக்கானது 2000-ல். இலங்கைப் பயணத்தின்போது ‘ஜான்’ என்ற தரகரிடம் ஆடுகளம், வானிலை பற்றிச் சொல்லிப் பணம் பெற்றதற்காக மார்க் வாவும் ஷேன் வார்னும் 1995-லேயே அபராதம் கட்டியிருந்தார்கள். ஆஸ்திரேலிய வாரியம் அதை மறைத்து வைத்தது. 1998 டிசம்பரில்தான் வெளியே வந்தது. இந்தியாவில் 1997-ல் முன்னாள் தலைமை நீதிபதி ஒய்.வி.சந்திரசூட் நடத்திய விசாரணை குறிப்பிடத்தக்க ஆதாரம் இல்லை என்று முடிந்தது.

2000 ஏப்ரல் 7-ல் டெல்லி காவல்துறை தென்னாப்பிரிக்க அணித்தலைவர் ஹான்சி குரோன்யே மீது வழக்குப் பதிவு செய்தது. தரகருடன் அவர் பேசியது தொலைபேசி ஒட்டுக்கேட்பில் பதிவாகியிருந்தது. முதலில் மறுத்த அவர் சில நாட்களில் பணம் வாங்கியதை ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டு ஜனவரியில் செஞ்சூரியன் டெஸ்டில் இரு அணிகளும் ஒரு இன்னிங்ஸைக் கைவிட்டு ஆட்டத்துக்கு உயிர் கொடுத்தது துணிச்சலான முடிவு என்று புகழப்பட்டிருந்தது. அதற்குப் பின்னாலும் தரகரின் பணமும் ஒரு தோல் ஜாக்கெட்டும் இருந்தன. மத்தியப் புலனாய்வுத் துறையின் அறிக்கையை அடுத்து இந்திய வாரியம் 2000 டிசம்பரில் முகமது அசாருதீனுக்கும் அஜய் சர்மாவுக்கும் வாழ்நாள் தடையும், அஜய் ஜடேஜாவுக்கும் மனோஜ் பிரபாகருக்கும் ஐந்தாண்டுத் தடையும் விதித்தது. ஜடேஜா மீதான தடையை 2003-ல் டெல்லி உயர் நீதிமன்றமும், அசாருதீன் மீதான தடையை 2012-ல் ஆந்திர உயர் நீதிமன்றமும் நீக்கின.

ஆட்டத்தை விற்பது இந்தியச் சட்டத்தில் தனிக் குற்றமாக வரையறுக்கப்படவில்லை. மோசடிப் பிரிவுகளைக் கொண்டு வழக்குத் தொடுத்தால், யாருடைய சொத்து ஏமாற்றி வாங்கப்பட்டது என்ற கேள்வியில் வழக்கு தடுமாறும். சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் லண்டன் பெருநகரக் காவல்துறையின் முன்னாள் ஆணையர் பால் காண்டன் தலைமையில் ஊழல் தடுப்புப் பிரிவை அமைத்தது. அந்த ஏற்பாடு முழுவதும் வீரரைக் கண்காணித்தது. அவருக்குச் சம்பளம் கொடுப்பவரைக் கண்காணிக்கும் தேவை அன்று யாருக்கும் தோன்றவில்லை.

ஏலம் போன நகரங்கள்

2007-ல் தென்னாப்பிரிக்காவில் நடந்த முதல் இருபது ஓவர் உலகக் கோப்பையை இந்தியா வென்றது. அதே ஆண்டு ஜீ நிறுவனம் வாரியத்தின் அனுமதியின்றி இந்தியன் கிரிக்கெட் லீக்கைத் தொடங்கியது. அதை முறியடிக்க வாரியம் தன் நிர்வாகி லலித் மோடியின் திட்டப்படி ஐபிஎல்லை அறிவித்தது. 2008 ஜனவரி 24-ல் எட்டு நகரங்களின் அணிகள் ஏலம் போயின. மும்பையை ரிலையன்ஸ் 11.19 கோடி டாலருக்கும், பெங்களூரை விஜய் மல்லையாவின் யுபி குழுமம் 11.16 கோடி டாலருக்கும், சென்னையை இந்தியா சிமெண்ட்ஸ் 9.1 கோடி டாலருக்கும் எடுத்தன. மிகக் குறைந்த விலை ராஜஸ்தானுக்கு, 6.7 கோடி டாலர்.

இதன்மூலம் அணி உடைமையின் பொருள் மாறியது. பெருமைக்காகச் செலவழித்த புரவலர் போய், முதலீட்டுக்கு வருமானம் எதிர்பார்க்கும் முதலாளி வந்தார். ஒளிபரப்பு, விளம்பர வருமானத்தில் ஒரு பங்கை வாரியம் அணிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். டிக்கெட், சட்டை விளம்பரம் அணிக்கே சொந்தம். வீரர்கள் ஏலத்தில் வாங்கப்படுவார்கள். உடை மாற்றும் அறையை ஒட்டி முதலாளியின் குடும்பமும் நண்பர்களும் அமரும் இடம் உருவானது. ஆட்டம் முடிந்ததும் விருந்துகள் நடந்தன. யார் ஆடுவார், ஆடுகளம் எப்படி, யாருக்குக் காயம் போன்ற, சூதாட்டச் சந்தையில் பெரும் விலைமதிப்புள்ள செய்திகள் வீரர் அல்லாத பலருக்கும் தெரியத் தொடங்கின.

உடைமை பற்றிய ஐயங்கள் தொடக்கத்திலேயே எழுந்தன. 2010-ல் கொச்சி அணியின் பங்குகள் யாருக்குச் சென்றன என்ற தகராறில் மத்திய இணையமைச்சர் சசி தரூர் பதவி விலகினார். லலித் மோடியும் நீக்கப்பட்டார். ராஜஸ்தான், பஞ்சாப் அணிகளின் உடைமை மாற்றங்களில் விதிமீறல் என்று கூறி வாரியம் அவற்றை நீக்க, நீதிமன்றம் சென்று அவை திரும்பின. கொச்சி ஒரே பருவத்தோடு மறைந்தது. ஹைதராபாதின் டெக்கான் சார்ஜர்ஸ் 2012-ல் கடனில் மூழ்கியது. அந்த நகரின் உரிமையை ஆண்டுக்கு ஏறத்தாழ 85 கோடி ரூபாய்க்குச் சென்னையின் சன் டிவி குழுமம் எடுத்து, சன்ரைசர்ஸ் அணியை உருவாக்கியது.

விதி 6.2.4

வாரியத்தின் ஒழுங்குமுறைகளில் 6.2.4 என்ற விதி, வாரியம் நடத்தும் ஆட்டங்களில் எந்த நிர்வாகிக்கும் நேரடியாகவோ மறைமுகமாகவோ வணிக ஆதாயம் இருக்கக் கூடாது என்றது. சென்னை அணியை இந்தியா சிமெண்ட்ஸ் வாங்கியபோது அந்நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் ஸ்ரீனிவாசன் வாரியத்தின் பொருளாளர். 2008 செப்டம்பரில் விதி திருத்தப்பட்டது: ஐபிஎல், சாம்பியன்ஸ் லீக் போன்ற போட்டிகளுக்கு இந்தத் தடை பொருந்தாது. அதே மாதம் அவர் வாரியத்தின் செயலாளரானார், 2011-ல் தலைவரானார்.

திருத்தத்தை எதிர்த்து நீதிமன்றம் போனவர் ஏ.சி.முத்தையா. சென்னையின் இரு தொழிற்குடும்பங்களுக்கு இடையேயான சங்கப் போட்டி என்றே பலர் அதை எடுத்துக்கொண்டார்கள். 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பளித்தார்கள். ஜே.எம்.பாஞ்சால் மனுவை ஏற்கவில்லை. ஞான் சுதா மிஸ்ரா, பதவியும் சொந்த ஆதாயமும் மோதும் நலமுரணுக்குத் திருத்தம் வழிவிடுகிறது என்றார். அந்த ஆண்டு சென்னை அணி தொடர்ந்து இரண்டாம் முறையாகக் கோப்பையை வென்றது. சேப்பாக்கம் மஞ்சளில் நிறைந்திருந்த அந்நாட்களில் விதி 6.2.4 பற்றிப் பேசியவர்கள் மிகச் சிலர்.

2013 கோடை

2013 மே 16 அதிகாலையில் ராஜஸ்தான் ராயல்ஸ் அணியின் ஸ்ரீசாந்த், அஜித் சண்டிலா, அங்கீத் சவான் ஆகியோரை டெல்லி காவல்துறை மும்பையில் கைது செய்தது. குறிப்பிட்ட ஓவரில் குறிப்பிட்ட அளவு ரன் விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டார்கள், இடுப்பில் துண்டைச் செருகுவது போன்ற அடையாளங்களைத் தரகர்களுக்குக் காட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. தொலைக்காட்சிகள் அந்த ஓவர்களைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பின. முந்தைய ஆண்டுகளின் எல்லா விசித்திரமான நோ-பாலையும் தவறவிட்ட கேட்ச்சையும் ரசிகர்கள் நினைவிலிருந்து தோண்டி எடுத்தார்கள்.

மே 21-ல் சூதாட்ட வழக்கில் நடிகர் விந்து தாரா சிங்கை மும்பைக் காவல்துறை கைது செய்தது. அந்த விசாரணையின் தொடர்ச்சியாக மே 24-ல் குருநாத் மெய்யப்பன் கைதானார். ஏவிஎம் குடும்பத்தைச் சேர்ந்த அவர் ஸ்ரீனிவாசனின் மருமகன். சென்னை அணியின் ஏலங்களிலும் வீரர்கள் அமரும் பகுதியிலும் அணியின் முகமாகக் காணப்பட்டவர். அவர் உரிமையாளரும் அல்ல, தலைமைச் செயல் அலுவலரும் அல்ல என்று இந்தியா சிமெண்ட்ஸ் அறிவித்தது. மே 26-ல் கொல்கத்தாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் சென்னை மும்பையிடம் 23 ரன்னில் தோற்றது.

அந்த நாட்களின் வாதங்கள் மூன்று வகையாகப் பிரிந்தன. வீரர்கள் மைதானத்தில் நேர்மையாக ஆடியவரை வெளியில் யார் பந்தயம் கட்டினால் என்ன என்பது ஒன்று. முதலாளி குடும்பத்தவர் தன் அணியின் மீது பந்தயம் கட்டினால், தோல்விக்கும் கட்டியிருக்க மாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்பது இரண்டாவது. வடக்கத்தி ஊடகங்கள் வெற்றி பெற்ற தென்னிந்திய அணியைக் குறிவைக்கின்றன என்பது மூன்றாவது. சென்னையில் இதற்கு ஆதரவு அதிகம். மூன்றாவது வாதத்தை வைத்தவர்களில் பலருக்கும் இரண்டாவதற்குப் பதில் இருக்கவில்லை.

ஜூன் 2-ல் ஸ்ரீனிவாசன் தற்காலிகமாக ஒதுங்கினார். வாரியம் அமைத்த, முன்னாள் நீதிபதிகள் இருவர் கொண்ட குழு ஜூலை 28-ல் தவறேதும் இல்லை என்று அறிக்கை தந்தது. ஆதித்ய வர்மாவைச் செயலாளராகக் கொண்ட பீகார் கிரிக்கெட் சங்கம் தொடுத்த வழக்கில், அந்தக் குழு அமைக்கப்பட்ட விதமே சட்டவிரோதம் என்று இரண்டே நாளில் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாரியத்தில் வாக்குரிமைகூட இல்லாத ஒரு சங்கம் தொடுத்த வழக்கு அது.

நீதிமன்றம் பிரித்துவைத்தவை

2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் முன்னாள் நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் விசாரணைக் குழுவை அமைத்தது. 2014 பிப்ரவரியில் வந்த முதல் அறிக்கை, மெய்யப்பன் அணி அலுவலரே என்றும், அவர் பந்தயம் கட்டியதும் அணி பற்றிய தகவலைப் பகிர்ந்ததும் உறுதியாகின்றன என்றும் கூறியது. நவம்பரில் வந்த இறுதி அறிக்கை, அவர் ஆட்ட முடிவை விலைபேசியதற்கு ஆதாரம் இல்லை என்றும், ராஜஸ்தான் அணியின் இணை உரிமையாளர் ராஜ் குந்த்ரா பந்தயம் கட்டினார் என்றும் தெரிவித்தது. ஸ்ரீனிவாசன் ஆட்ட முடிவை விலைபேசியதிலோ விசாரணையைத் தடுத்ததிலோ ஈடுபடவில்லை என்றும் அது கூறியது.

2015 ஜனவரி 22-ல் டி.எஸ்.தாக்கூர், எஃப்.எம்.இப்ராஹிம் கலிஃபுல்லா ஆகிய நீதிபதிகளின் தீர்ப்பு வந்தது. வாரியம் தனியார் சங்கமானாலும் பொதுப்பணி செய்வதால் உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரத்துக்கு உட்பட்டது. விசாரணையை மூடிமறைத்தார் என்ற குற்றச்சாட்டு ஸ்ரீனிவாசன் மீது நிரூபிக்கப்படவில்லை. ஆனால் விதி 6.2.4-ன் திருத்தம் செல்லாது. வணிக ஆதாயம் வைத்திருக்கும்வரை அவர் வாரியத் தேர்தலில் போட்டியிட முடியாது. தவறு நடந்ததா என்பதையும் தவறு நடக்க இடம் இருந்ததா என்பதையும் தீர்ப்பு தனித்தனியாக எடுத்துக்கொண்டது. முதல் கேள்வியில் தப்பியவர் இரண்டாவதில் பதவி இழந்தார். முடிவு முன்கூட்டியே தெரியாது என்ற நம்பிக்கையில்தான் மக்கள் ஆட்டத்தைப் பார்க்கிறார்கள். அந்த நம்பிக்கை போனால் கிரிக்கெட்டில் எதுவும் மிஞ்சாது என்பது அதன் அடிப்படை.

தண்டனையை முன்னாள் தலைமை நீதிபதி ஆர்.எம்.லோதாவின் குழு முடிவு செய்தது. 2015 ஜூலை 14-ல் மெய்யப்பனும் குந்த்ராவும் கிரிக்கெட் நடவடிக்கைகளிலிருந்து வாழ்நாள் முழுவதும் விலக்கப்பட்டார்கள். சென்னை, ராஜஸ்தான் அணிகள் இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்தப்பட்டன. அதே மாதம் 25-ல் டெல்லி நீதிமன்றம் ஸ்ரீசாந்த் உள்ளிட்டோரைப் போதிய ஆதாரமில்லை என்று விடுவித்தது. வாரியத்தின் தடை மட்டும் தொடர்ந்தது. 2019-ல் உச்ச நீதிமன்றம் தண்டனை அளவை மறுபரிசீலிக்கச் சொன்ன பிறகு ஸ்ரீசாந்தின் வாழ்நாள் தடை ஏழாண்டாகக் குறைந்தது.

அணி வேறு, முதலாளி வேறு

நிறுத்தப்பட்ட இரண்டு பருவங்களில் புனேவும் குஜராத்தும் தற்காலிக அணிகளாக ஆடின. தோனி புனேவுக்குச் சென்றார். சென்னை ரசிகர்கள் புதிய அணி எதற்கும் மொத்தமாக மாறவில்லை. முதலாளியின் வீட்டார் செய்ததற்கு வீரர்களும் ஊரும் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும் என்பது அவர்களின் முறையீடு. எதிரணி ரசிகர்கள் சூதாட்ட அணி என்று கேலி செய்தபோது, அணி வேறு முதலாளி வேறு என்ற பதில் வந்தது. சட்டப்படி அணி என்பது முதலாளியின் சொத்து. ரசிகரின் கணக்கில் அது ஊரின் சொத்து. தண்டனையை எதிர்த்தவர்கள் கேட்டதும் அடிப்படையில் இந்தப் பிரிப்பைத்தான்.

2018-ல் சென்னை திரும்பியபோது காவிரிப் போராட்டத்தால் சேப்பாக்கத்தில் ஏப்ரல் 10-ல் ஒரே ஓர் ஆட்டம்தான் நடந்தது. மற்றவை புனேவுக்கு மாறின. ‘விசில் போடு எக்ஸ்பிரஸ்’ என்ற சிறப்பு ரயிலில் ரசிகர்கள் புனே சென்றார்கள். இறுதி ஆட்டத்தில் ஹைதராபாதை வென்று சென்னை கோப்பையைப் பெற்றது.

இதற்கிடையே உடைமையின் வடிவமும் மாறியது. 2015-ல் அணி இந்தியா சிமெண்ட்ஸிலிருந்து பிரிந்து சென்னை சூப்பர் கிங்ஸ் கிரிக்கெட் லிமிடெட் என்ற நிறுவனத்துக்குச் சென்றது. சிமெண்ட் பங்கு வைத்திருந்தவர்களுக்கு அணியின் பங்குகளும் கிடைத்ததால் எல்ஐசி முதல் சிறு முதலீட்டாளர் வரை பலர் பங்குதாரர்களானார்கள். பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத அந்தப் பங்குகளைத் தரகர்கள்வழி வாங்கும் ரசிகர்களும் உண்டு. 2024 டிசம்பரில் இந்தியா சிமெண்ட்ஸ் அல்ட்ராடெக் நிறுவனத்தின் கைக்குப் போனபோது அணி அதோடு போகவில்லை.

அதன் பிறகு

லோதா குழுவின் பரிந்துரைகளை 2016 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பெருமளவு ஏற்றது. 2018-ல் நடைமுறைக்கு வந்த வாரியத்தின் புதிய சாசனம் நலமுரணை வரையறுத்து, புகார்களை விசாரிக்க நெறிமுறை அலுவலரை ஏற்படுத்தியது. வங்காளக் கிரிக்கெட் சங்கத் தலைவராக இருந்துகொண்டு டெல்லி அணிக்கு ஆலோசகராகவும் இருந்ததற்காக 2019-ல் சௌரவ் கங்குலியே அவர்முன் விளக்கம் தர நேர்ந்தது. கிரிக்கெட் பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கி ஒழுங்குபடுத்தலாம் என்று லோதா குழுவும் 2018-ல் சட்ட ஆணையமும் சொன்னவை ஏற்கப்படவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடை செய்தது. இந்திய அணியின் சட்டை விளம்பரதாரராக இருந்த ட்ரீம்11 விலகியது.

உடைமையும் சூதும் சந்திக்கும் இடம் சிறிய லீக்குகளுக்கு நகர்ந்தது. 2019-ல் கர்நாடக பிரீமியர் லீக்கில் ஓர் அணியின் உரிமையாளரும் வீரர்களும் கைதானார்கள். 2022 ஜனவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது: ஆட்டத்தை விற்பது ஒழுங்கீனம், வாரியம் தண்டிக்கலாம், ஆனால் ஏமாற்றுக் குற்றத்தின் வரையறைக்குள் அது வராது. தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் வீரர்களை அணுகியதாக வந்த புகார்களையும் 2019-லேயே வாரியத்தின் ஊழல் தடுப்புப் பிரிவு விசாரித்தது. 2021-ல் அகமதாபாத் அணியை 5,625 கோடி ரூபாய்க்கு எடுத்த சிவிசி என்ற முதலீட்டு நிறுவனம் வெளிநாடுகளில் பந்தய நிறுவனங்களிலும் பணம் போட்டிருந்தது கேள்விக்குள்ளானது. ஆய்வுக்குப் பின்னரே வாரியம் ஒப்புதல் கடிதம் தந்தது. தென்னாப்பிரிக்கா, அமெரிக்கா, வளைகுடா லீக்குகளிலும் ஐபிஎல் முதலாளிகளே அணிகளை வைத்திருப்பதால், ஒரே முதலாளியின் வீரர்கள் நாடு மாறி நாடு ஆடுகிறார்கள்.

ரசிகர்களின் ஐயம் இன்று பெரும்பாலும் ஆதாரத்தைவிட வேகமாக ஓடுகிறது. கடைசி ஓவர் வரை போன ஆட்டத்தை ‘ஸ்கிரிப்ட்’ என்பார்கள். தீர்ப்பு தவறினால் நடுவரை முதலாளி வாங்கிவிட்டார் என்பார்கள். 2024 ஏப்ரலில் மும்பையில் நடந்த ஓர் ஆட்டத்தில் டாஸ் நாணயம் திருப்பிப் போடப்பட்டதாக ஒரு காணொளி பரவியது. தெளிவான வேறொரு காணொளி அதைப் பொய்யென்று காட்டியது. அடுத்த நாட்களில் ஒளிபரப்பில் கேமரா தரையில் விழுந்த நாணயத்தை நெருங்கிக் காட்டத் தொடங்கியது. 2015-ன் தீர்ப்பும் பெரிய அளவில் அதே வழியில்தான் சென்றது: இன்னார் நேர்மையானவர் என்ற சான்றிதழ் எதையும் அது தரவில்லை, நடத்துபவரையும் போட்டியிடுபவரையும் பிரித்துவைத்தது. அந்தப் பிரிவினை விதியாக நிற்கிறது. ஆட்டத்தை விற்பதைக் குற்றமாக்கும் தனிச் சட்டம் மட்டும் 2000-ல் இல்லாதது போலவே இன்றும் இல்லை. அதனால் காவல் நிலையத்தில் தொடங்கும் புகாரும் கடைசியில் வாரியத்தின் ஒழுங்கு விசாரணையில்தான் வந்து நிற்கிறது.